எங்கே என்று கேட்ட போன்

அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். எனக்கு எழுபது முடிந்துவிட்டது. முன்வரிசையில் இரண்டு பல் இல்லை. தெருவில் என்னை மாமி என்பார்கள், மதினி என்பார்கள், சண்டை வந்தால் கிழவி என்பார்கள். ஆன்ட்டி என்று ஒருவரும் சொன்னதில்லை. என்னவோ வேண்டித்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையாம். வள்ளம் வைத்திருக்கும் வீடுகளுக்காகப் போனில் ஒரு செயலி செய்கிறார்களாம். வள்ளம் கடலுக்குப் போகும்போது எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்ற இரண்டு விஷயத்தை வீட்டில் இருக்கிறவர்கள் அதில் பதிந்து வைக்க வேண்டும். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் வள்ளம் வந்துவிட்டது என்று பதியவில்லை என்றால் அக்கம்பக்கத்து வள்ளக்காரர்கள் போனிலெல்லாம் மணி அடிக்கும். எந்தப் பக்கம் தேடிப் போக வேண்டும் என்றும் அதுவே காட்டும். அவ்வளவு தூரத்தில் போனுக்கு டவர் கிடைக்காது. அதனால்தான் கரையில் இருக்கிற எங்களைப் பிடித்தார்கள்.

"செஞ்சு முடிச்சிட்டுக் கொண்டுவர வேண்டியதுதான? இங்கன வந்து என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

"நாங்களா செஞ்சு கொண்டுவந்தா அது எங்களுக்கு மட்டும்தான் பிடிக்கும் ஆன்ட்டி. யாரு வச்சுப் பயன்படுத்தப் போறாங்களோ அவங்ககூட உட்கார்ந்து, அவங்க என்ன செய்யறாங்கன்னு பார்த்துத்தான் செய்யணும்."

"பாக்கவா? நாங்க என்ன கண்காட்சியா?"

அடுக்களையில் இருந்த என் மருமகள் சிரித்தாள். அவள்தான் சங்கத்துக் கூட்டத்தில் எங்கள் வீட்டின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு ஊர் மணப்பாட்டுப் பக்கம். அவளுடைய அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் வள்ளம் இருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நாங்கள் பேசுவதை எழுதிக்கொள்ளவும் படம் பிடிக்கவும் எங்களுக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். கூடவே ஒரு மைப்பெட்டியையும் திறந்து என் முன்னால் வைத்தாள். கைநாட்டு வைப்பதற்கு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். அதற்குப் பிறகு கோயிலில் கொடுக்கிற அறிவிப்புத் தாள், சாமான் மடித்து வந்த காகிதம், சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டி நானே படித்துக்கொண்டேன். பேங்கில், பத்திர ஆபீசில், மகன் கல்யாணப் பதிவில் எங்கேயும் நான் பெருவிரலை நீட்டியது கிடையாது. ஆதார் அட்டைக்குப் பத்து விரலையும் கேட்டார்கள். கலெக்டராக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். அதனால் கொடுத்தேன். மைப்பெட்டியை ஒற்றை விரலால் அவள் பக்கமே தள்ளிவிட்டேன். தாளை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சத்தமாகக் கூட்டிக்கூட்டிப் படித்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவசரம் என்றால் வேறு வீட்டுக்குப் போகட்டுமே. அவள் போகவில்லை. ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. படித்து முடித்ததும் என் பெயரை முழுதாக, புள்ளி ஒன்றுகூட விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

"சாரி ஆன்ட்டி. கேட்காம மைப்பெட்டியை நீட்டினது என் தப்பு" என்றாள்.

இந்தச் சொல் அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது. தண்ணீர்ச் செம்பு தட்டிவிட்டாலும் என் தப்பு, நான் தவறான இடத்தில் தொட்டாலும் என் தப்பு. என் வயதுக்கு நான் பார்த்தவரையில், ஒருத்தி இப்படிக் குற்றத்தையெல்லாம் வலிய இழுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்றால் அவளுக்கு நம்மிடம் பெரிதாக ஏதோ ஆக வேண்டியிருக்கிறது.

மறுநாள் காகிதத்தில் போன் அளவுக்குக் கட்டம் கட்டி வரைந்துகொண்டு வந்தாள். நிஜப் போன் இல்லை, வெறும் காகிதம். நான் அதில் தொட வேண்டுமாம். தொட்டதும் அந்தத் தாளை எடுத்துவிட்டு அவள் அடுத்த தாளை வைப்பாளாம். மணலில் சோறு பொங்கி விளையாடுகிற மாதிரி இருந்தது.

"தொடும்போது மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க."

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல எனக்கென்ன காய்ச்சலா? ஆனாலும் உட்கார்ந்தேன். மருமகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று எழுந்தால் மாமிக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

முதல் தாளில் ஒரு படகுப் படம்.

"இது யாரு படகு?"

"உங்க படகு ஆன்ட்டி."

"எங்க வள்ளமா? இது விசைப்படகுல்லா. எங்க வலையை அறுத்துட்டுப் போறவனோடது. இதைத் தொட்டா அவன் வீட்டுக்குல்லா போவும்!"

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். இரண்டாம் தாளில் ஒரு கடிகாரம். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியவில்லை. மூன்றாம் தாளில்தான் கடலைப் பார்த்தேன். நம் கரை, முயல் தீவு, வான் தீவு, துறைமுகச் சுவர் எல்லாம் வரைந்து, கடல் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டிருந்தார்கள்.

"உங்க பையன் இன்னைக்குப் போன இடம் இதுல எந்தக் கட்டம் ஆன்ட்டி?"

ஓகோ, இதற்குத்தானா இவ்வளவும் என்று நினைத்தேன். இத்தனை தாளும் ஆன்ட்டியும் என் தப்பும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் கடலின் அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. பார் என்போம். முன்காலத்தில் முத்துச்சிப்பி படிந்த பார்களும் அவற்றில் உண்டு. இப்போது முத்து இல்லை, மீன் இருக்கிறது. விளமீனும் கலவாவும் பாரில்தான் தூண்டிலுக்குப் படும். ஊருக்கெல்லாம் தெரிந்த பார்கள் பல. ஒரு குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த பார்களும் சில உண்டு. தண்ணீருக்கு மேலே ஒரு அடையாளமும் இருக்காது. கரையில் தெரிகிற இரண்டு பொருளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு பொருளை வைத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். இதைக் கணியம் என்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பார் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கண்டது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கணியம் இரண்டையும் என் காதில் சொன்னார். அப்புறம் பிழைத்துக்கொண்டு இருபது வருஷம் இருந்தார். ஆனால் சொன்னது சொன்னதுதானே. பெண்கள் வள்ளம் ஏறுவதில்லை. அந்தப் பாரை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் என் மகன் அங்கே முதன்முதல் போனபோது அவன் சொன்ன கணியம் சரிதானா என்று கேட்டுத் திருத்தியவள் நான். இன்று அவனிடம் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அந்த இடத்தை அதில் ஏற்றி வைத்திருக்கிறான். துணியில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோய், துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

அந்தப் பாருக்கு ஆசைப்பட்டவர்களில் முதல் ஆள் என் கொழுந்தன், வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எத்தனையோ நாள் எங்கள் வள்ளத்தின் பின்னாலேயே போயிருக்கிறான். அவன் வருவது தெரிந்தால் என் வீட்டுக்காரர் மீனே இல்லாத இடத்தில் நங்கூரம் போட்டு, மத்தியானம் வரை வெறுந்தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் ரசம்தான்.

இப்போது புரியும், மருமகளிடம் நான் ஏன் அதைச் சொன்னதில்லை என்று. மூன்று அண்ணன் தம்பி, மூன்று வள்ளம்.

அந்தக் கட்டத் தாளில் வடக்கே வான் தீவுப் பக்கம் ஒரு சதுரத்தில் விரலை வைத்தேன். எங்கள் பார் அந்தத் திசையிலேயே இல்லை.

கொஞ்ச நாளில் காகிதம் போய் நிஜப் போனிலேயே அந்தச் செயலி வந்தது. எங்கள் தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்துச் சோதனை. படிக்கத் தெரியாதவர்களுக்காக அது பேசவும் செய்தது. முதல் நாள் வெளுக்கிற நேரம். மகன் தூண்டில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறான். மருமகள் போனைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிப்பது போலக் கணீரென்று, "இன்று எங்கே போகிறீர்கள்?" என்றது.

மகன் அப்படியே நின்றான். பெட்டியைக் கீழே இறக்கினான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தான். கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே என்று யாரும் கேட்க மாட்டோம். பெற்ற தாய் கேட்க மாட்டாள், கட்டினவள் கேட்க மாட்டாள். கேட்டால் அன்றைக்குப் போக்கு சரியில்லை.

"எம்மா, இந்தச் சனியனை யாரு வீட்டுக்குள்ள விட்டது?"

"ஒம் பொண்டாட்டியக் கேளு."

அன்று அவன் போகவில்லை. அடுத்த வீட்டிலும் அதே கதை. அந்த வீட்டுக்காரர் போனைத் தூக்கித் தலையணைக்கு அடியில் அமுக்கிவிட்டுப் போனாராம். அன்றோடு பத்து வீட்டிலும் அந்தப் பேச்சுக் குரலை மட்டும் அணைத்துவிட்டார்கள். ஆண்கள் போய் வெகுநேரம் கழித்துப் பெண்கள் எடுத்து, முதலில் கண்ணில் படுகிற கட்டத்தைத் தொட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருத்தியும் அந்தச் சென்னைப் பெண்ணிடம் காரணம் சொல்லவில்லை. அவள் கேட்டால், "நல்லா இருக்கு பிள்ள, ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, ஒம்பது வள்ளமும் தினமும் கப்பல் வர்ற வழியிலேயே நிக்குதுன்னு காட்டுது. அங்க யாராவது மீன் பிடிப்பாங்களா?"

"கடலை யாரு கண்டா?"

"நீங்க ஒருத்தங்கதான் ஒழுங்கா பதியறீங்க. ஒரு நாள் வடக்க, ஒரு நாள் தீவுக்கு இந்தப் பக்கம், ஒரு நாள் கொஞ்சம் தள்ளி. பார்த்தாலே உண்மைன்னு தெரியுது. எங்க ஆபீஸ்ல உங்களைத்தான் எல்லாருக்கும் உதாரணமா சொல்லியிருக்கேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். மற்றவர்கள் சோம்பேறித்தனமாகப் பொய் சொன்னார்கள். நான் காற்றைப் பார்த்து, நீரோட்டத்தைப் பார்த்து, அந்த நாளில் ஒருவன் போகக்கூடிய இடமாகப் பார்த்துப் பொய் சொன்னேன். திரும்பும் நேரத்தை மட்டும் உள்ளபடி போட்டேன். மருமகளிடமிருந்து போனை நானே வாங்கிப் பதிவேன். அவளும் நான் உண்மையைத்தான் போடுகிறேன் என்று நம்பியிருந்தாள். மகனிடமும் சொல்லவில்லை.

கச்சான் காற்று வலுத்திருந்த ஒரு நாள் அது. மேற்கேயிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று. இயந்திரம் நின்றுபோனால் வள்ளத்தைக் கரைக்கு எதிர்ப் பக்கமாகக் கொண்டுபோகும். மகனும் இன்னும் மூன்று பேரும் பாருக்குப் போயிருந்தார்கள். பன்னிரண்டுக்கு வருவான் என்று போட்டிருந்தேன். ஒரு மணிக்குப் போன் அடித்தது. அடித்தது என்றால் நம் போன் அடிப்பது போல இல்லை, கோயில் மணி போல விடாமல் அடித்தது. தெருவெல்லாம் அதே சத்தம் கேட்டது.

நான் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடி வந்தான்.

"மதினி, வான் தீவுக்கு வடக்கன்னு காட்டுது. எஞ்சினுக்கு டீசல் ஊத்திட்டேன். நான் அங்கன போறேன். கவலப்படாதிய."

நான் தலையை ஆட்டினேன்.

ஆம், தலையை ஆட்டினேன். இதைச் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. அவன் திரும்பி நடந்தான். என் மகன் போனது வடக்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் எங்கே என்று கேட்பான். எங்கே என்று சொன்னால், என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவனிடமிருந்து ஒளித்துவைத்ததை நான் தெருவில் வைத்துக் கொட்டின மாதிரி. மகன் அதற்குள் இயந்திரத்தைச் சரிசெய்து வந்துவிடமாட்டானா என்று நினைத்தேன். இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போமே என்றும் நினைத்தேன். இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் அவன் தெருமுனைக்குப் போய்விட்டான்.

மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, வடக்கதான?"

நான் ஒரு கருவாட்டை எடுத்துப் புரட்டினேன்.

"மாமி! அவுக வடக்கதான போனாவ?"

கையில் இருந்த கருவாட்டை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் அப்படி ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். கரையில் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சென்னைப் பெண்ணும் அங்கே நின்றாள். பக்கத்துத் தெருவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவள் மணிச் சத்தம் கேட்டு வந்துவிட்டாள். கையில் நோட்டு இருந்தது. ஆனால் எழுதவில்லை.

"நில்லுல!" என்று கத்தினேன். முழங்கால் ஆழத்துக்கு இறங்கிக் கொழுந்தன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் காதில் கணியம் இரண்டையும் சொன்னேன். எந்தக் கோபுரம், எந்தப் புகைபோக்கி, தெற்கே எது என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்கு வள்ளம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவன் ஒரு கணம் கடலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இம்புட்டுதானா மதினி? இருபது வருசமா அதைத் தாண்டித் தாண்டித்தான போய்க்கிட்டு கெடக்கேன்!"

"போல, பேச நேரமில்ல."

போனான். நான் ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்தேன். மருமகள் என் பக்கத்தில் உட்காரவில்லை. நாலு முழம் தள்ளி நின்றாள். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க கொழுந்தனாருகிட்ட சொல்லுதிய. ஒம்பது வருசம் ஒங்க வீட்டுல கெடக்கேன், எங்கிட்ட சொல்ல மாட்டிய. அவுக எம் புருசன்."

"எம் மவன்" என்றேன்.

"அப்பம் ஏன் வடக்க அனுப்பப் பாத்திய?"

நான் சேலை நுனியைப் பிழிந்தேன்.

வெயில் சாய்வதற்குள் கொழுந்தன் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இயந்திரத்தின் தண்டு உடைந்துவிட்டிருந்தது. அவர்கள் காற்றோடு வெகுதூரம் போயிருந்தார்கள். பாரில் இவர்கள் விட்ட மிதப்பு கிடந்ததாம். அங்கேயிருந்து காற்று போகிற பக்கமே கொழுந்தன் போய்ப் பிடித்திருக்கிறான். வடக்கே போயிருந்தால் இருட்டும் வரை தேடினாலும் கண்டிருக்க மாட்டான். என் மகனின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்து முடித்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எம்மா, சித்தப்பாவுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"நாந்தான் சொன்னேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அதை வைத்து மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். ஆன்ட்டி என்றாள். பாயில் உட்கார்ந்தாள். நோட்டை எடுக்கவில்லை.

"நீங்க பதிஞ்சது எல்லாமே பொய்யா ஆன்ட்டி?"

"எல்லாமே."

"ஒரு நாள்கூட..."

"ஒரு நாளுங்கூட இல்ல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "தப்பு எங்க மேலதான். நீங்க சொல்ல முடியாத ஒண்ணை நாங்க கேட்டிருக்கோம். ஏன் சொல்லலைன்னு கேட்க எங்களுக்குத் தோணவே இல்ல" என்றாள்.

"பாதி எம் மேல" என்றேன். "முழுசையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு ஒன்னய நம்ப முடியல."

அப்போதுதான் எங்கே என்று கேட்கக் கூடாது என்பதை முதன்முதலாக நான் அவளிடம் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். பத்து வீட்டில் காப்பி குடித்திருக்கிறாள், ஒருத்தியும் சொல்லவில்லை. கிளம்புகிற நேரத்தில் அந்தப் போன் வாயைத் திறக்கவே கூடாது, நேரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும், எப்போது வருவான் என்று கேட்பதில் குற்றமில்லை, திரும்பி வருவான் என்பது அதிலேயே இருக்கிறது என்றேன். இடத்தை ஒரே ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளட்டும், தினமும் கேட்க வேண்டாம்.

"அந்த ஒரு தடவை உண்மையைச் சொல்லுவாங்களா ஆன்ட்டி? நீங்க சொல்லுவீங்களா?"

நல்ல கேள்வி.

"தாளைக் கொண்டா" என்றேன். அவளுடைய கடல் தாளில் கட்டத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பேனாவால் கரையிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். எங்கள் கோடு இல்லை, சும்மா ஒரு கோடு. "இந்த ஒரு கணியத்தை மட்டும் ஒம் போனுக்குத் தாரேன். இதை வச்சு ஒருத்தனும் பாரைப் பிடிக்க முடியாது. கோடு கடலு முச்சூடும் போவும். மத்தது வீட்டுல ஒரு ஆளு வாயில இருக்கட்டும். வள்ளம் வரலன்னு மணி அடிச்சா, போனு பாதி சொல்லட்டும், அந்த ஆளு பாதி சொல்லட்டும்."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எங்க யாருக்கும் தோணியிருக்காது" என்றாள். அந்தப் புகழ்ச்சியை நான் மடியில் வாங்கிக்கொள்ளவில்லை. போன தடவை புகழ்ந்தபோது நடந்தது நினைவிருந்தது.

அவள் எல்லா வீட்டிலும் போய்க் கேட்டாள். நாலாவது வீட்டுக்காரி, "எம் புருசன் போற எடம் காக்கா குருவிக்கெல்லாம் தெரியும், எனக்கு எதுக்கு பாதி?" என்றாளாம். சரி, அப்படிப்பட்டவர்கள் முழுதாகவே கொடுக்கட்டும், யாருக்கு எது தோதோ அப்படி என்று வைத்தார்கள். படகுப் படமும் வள்ளமாக மாறியது.

மாற்றிய செயலி மறுபடி போனில் வந்தபோது இன்னொரு யோசனை எனக்கு வந்தது. போன் மருமகளின் கையில். மறுபாதியை நான் அவளிடம் சொன்னால் இரண்டும் ஒரே கைக்குள் வந்துவிடாதா? இதை அந்தப் பெண்ணிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதுக்கு வழி இருக்கு ஆன்ட்டி. போன்ல இருக்கற பாதியைப் பூட்டிடலாம். உங்க விரலை வச்சா மட்டும்தான் திறக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பெருவிரல்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மைப்பெட்டி இரண்டு பேருக்கும் நினைவு வந்துவிட்டது.

நீட்டினேன். போன் என் பெருவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தேன், எண்ணெய் தடவி வைத்தேன். இல்லை. நாற்பது வருஷம் உப்பிலும் கருவாட்டிலும் கிடந்த விரல். ரேகை தேய்ந்துவிட்டது என்றாள். ஊரெல்லாம் கைநாட்டு கேட்டபோது கொடுக்காமல் வைத்திருந்தேன். கொடுக்க மனம் வந்த நாளில் அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக் கடைசியில் ஒன்று பிடித்தது. எந்தக் கையில் எந்த விரல் என்பதை மருமகள் பார்க்காதபடி முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் மருமகளை அழைத்து மற்றக் கணியத்தைச் சொன்னேன். அவள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பிழையில்லை. நன்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் அண்ணன் போனில் கூப்பிட்டால் இப்போதும் நான் அடுக்களைப் பக்கம் ஏதாவது எடுக்கப் போவதுண்டு.

கொழுந்தன் விஷயம் வேறு. அவனிடம் இரண்டு கணியமும் இருக்கின்றன. கரையில் அவன் கூடையை நான் பார்க்காத நாள் இல்லை. ஒரு நாள் நல்ல விளமீன் ஆறேழு கிடந்தது.

"எங்கன பட்டுது?"

"மதினி, எங்கேன்னு கேக்கலாமா?" என்று சிரித்தான்.

அவனை நான் என்ன சொல்ல முடியும்? என் மகன் உயிரோடு இருக்கிறான். மீனையும் பார்த்தேன், அவன் சிரிப்பையும் பார்த்தேன். எதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் மகன் வர முக்கால் மணி நேரம் பிந்தியது. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மருமகள் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கையைக் கழுவி, அந்த விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் காயவைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்லுகிறாளா, நான் கொடுத்த கணியத்தைச் சொல்லிப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன். அதற்குள் கரையில் எங்கள் இயந்திரத்தின் சத்தம் கேட்டுவிட்டது. அவள் கண்ணைத் திறந்து, இவ்வளவு கிட்டே இருந்த என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மாமி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.